வெள்ளச்சி ஊருணி

பாண்டிச்செல்வி யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை. காய்கறிக்காரர் எடை போடும்போது தராசு முள்ளைப் பார்க்க மாட்டாள், அவருடைய கட்டைவிரலைத்தான் பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள், பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வருவாள். இந்தக் குணத்துக்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. சின்ன வயதில் சைக்கிள் பழகியபோது அக்கா நாகஜோதி பின்னால் பிடித்துக்கொண்டு, "நான் விட மாட்டேன்டி, நீ மிதி" என்றாள். சொல்லிவிட்டுக் கையை விட்டுவிட்டாள். பொரிகடலைக் கடை வாசலில் விழுந்ததில் முழங்கை கிழிந்து, தழும்பு இன்னும் இருக்கிறது. நாகஜோதி இன்றைக்கு வரை ஒப்புக்கொண்டதில்லை. "நான் எங்க விட்டேன், நீதான் வேகமா மிதிச்ச" என்பாள்.

பாண்டிச்செல்வியின் பிழைப்பு கொஞ்சம் வித்தியாசமானது. ஞாயிறு காலையில் மதுரையின் பழைய தெருக்களில் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போய், இந்தச் சந்துக்கு ஏன் இந்தப் பெயர், இந்த நிலைப்படிக் கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே போவாள். உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் வருவார்கள். பிறந்து வளர்ந்த ஊரில் தினமும் தாண்டிப் போன சுவருக்கு ஒரு கதை இருக்கிறது என்று தெரியும்போது அவர்கள் முகம் மாறும். அந்த முகத்துக்காகத்தான் அவள் வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்தி சேகரித்தாள்.

அந்த நேரத்தில்தான் செவிவழி என்ற கருவி வந்தது. பருப்பளவுதான் இருக்கும். காதில் செருகிக்கொண்டு எந்தத் தெருவில் நின்றாலும் அந்த இடத்தின் வரலாற்றைச் சொல்லும். சும்மா ஒப்பிக்காது. போட்டிருப்பவருக்குப் பிடித்த குரலில், அவர் வீட்டுக் கதையோடு முடிச்சுப் போட்டுச் சொல்லும். 'உங்கப்பா இந்த வழியாத்தானே வேலைக்குப் போவாரு, அப்ப இங்க ஒரு புளியமரம் நின்னுச்சு' என்று ஆரம்பிக்கும். சொல்லி முடித்ததும், 'உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க' என்று கேட்கும். ஊரில் பாதிப்பேர் தெருவில் நின்று தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாண்டிச்செல்வி அதைத் தொட்டதில்லை. "என் காதுக்குள்ள எண்ணெயத் தவிர வேற எதையும் விட மாட்டேன்" என்பாள்.

ஆனால் அவள் அலைந்து சேகரித்த செய்திகள் ஒவ்வொன்றாக அந்தக் கருவியில் வரத் தொடங்கின. அவளுக்கு வயிறு எரிந்தது. கூட்டத்தில் ஒரு தொப்பிக்காரர் வாராவாரம் வருவார், ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், காதில் எதையோ செருகியிருப்பார். அவர்தான் திருடர் என்று முடிவு கட்டினாள். திருட்டைப் பிடிக்க ஒரு பொறி வைத்தாள்.

பொறிக்கு அவள் தேர்ந்தெடுத்த இடம் சீப்புக்காரச் சந்து. அவளும் நாகஜோதியும் பிறந்த சந்து அது. நாகஜோதி இன்னமும் அந்த வீட்டில்தான் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருக்கிறாள். மற்ற தெருக்களில் ஒரு பொய் சொன்னால் அது தப்பித்தவறி உண்மையாக இருந்து தொலைக்கலாம். இந்தச் சந்தில் அவளுக்குத் தெரியாத செங்கல் கிடையாது. சந்தின் நடுவில் கூட்டத்தை நிறுத்தி, "இந்த இடத்துலதான் வெள்ளச்சி ஊருணி இருந்துச்சு. ஊருக்கே குடிதண்ணி. வெள்ளச்சின்னு ஒரு அம்மா தன் சொந்தச் செலவுல வெட்டுனது" என்றாள்.

வெள்ளச்சி என்பது அவர்கள் வீட்டுப் பூனை. ஒரு காது கிழிந்த வெள்ளைப் பூனை, எந்நேரமும் அம்மாவின் தையல் மிஷின்மேல் படுத்துக் கிடக்கும். அந்தப் பெயரைச் சொல்லும்போது பாண்டிச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல் சமாளித்தாள்.

கொஞ்ச நாளில் பொறியில் எலி விழுந்தது. நடைக்கு வந்த ஒரு பெண்மணி சந்துக்குள் நுழைந்ததுமே, "இங்கதானே மேடம் வெள்ளச்சி ஊருணி. செவிவழில கேட்டேன்" என்றாள். பக்கத்திலிருந்தவர், "கரையில ஒரு இலுப்பை மரம்கூட இருந்துச்சுல்ல" என்றார். பாண்டிச்செல்வி எந்த இலுப்பை மரத்தையும் சொன்னதில்லை. அங்கேயே அவள் குட்டை உடைத்திருக்க வேண்டும். சான்று அழிந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டாள். திருடனைப் பிடித்த சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது.

செவிவழி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். நிகில் என்று ஒரு இளைஞனை அனுப்பினார்கள். பருத்திப்பால் கடை வாசலில் சந்தித்தாள். அவன் கொடுத்த விசிட்டிங் கார்டை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"தொப்பி போட்ட ஒரு ஆள உங்க கம்பெனி அனுப்புதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

"யாரையும் அனுப்பலைங்க மேடம். அந்தப் பெரியவரையா சொல்றீங்க? வர்ற வழியில அவர்கிட்டதான் உங்களைப் பத்தி விசாரிச்சேன். அவருக்குக் காது கேக்காது. அது செவிட்டு மிஷின்."

பாண்டிச்செல்வி விசிட்டிங் கார்டை மறுபடியும் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கதையை நாங்க எடுக்கலை" என்றான் நிகில். "உங்ககூட நடக்குறவங்க வீட்டுக்குப் போயி சொல்றாங்க. செவிவழி அதைக் கேட்டுக்கும். அடுத்தவங்ககிட்ட சொல்லும். அவங்க தங்க ஞாபகத்தைச் சேத்துச் சொல்வாங்க. நிறையப் பேரு ஒண்ணுபோலச் சொன்னா அது உறுதின்னு ஆயிரும்."

"அது எங்க வீட்டுப் பூனை பேரு. ஊருணியே கிடையாது."

"ஆனா கரையில மீன் பிடிச்சவங்க இருக்காங்களே மேடம்."

"நீங்க காதுல ஊதி ஊதிப் பிடிக்க வச்சிருப்பீங்க."

நிகில் கோபப்படவில்லை. பருத்திப்பாலை ஆற்றிக்கொண்டே சொன்னான். "காதுல கேக்குறது பாதிதான் ஒட்டும் மேடம். வாயால சொன்னாத்தான் முழுசா ஒட்டும். அதனாலதான் ஒவ்வொருத்தரையும் திருப்பிச் சொல்லச் சொல்றோம். இத்தனைக்கும் இது கெட்ட எண்ணத்துல செஞ்சதில்லை. மறந்துபோன ஊரை மறுபடி ஞாபகப்படுத்தணும்னு செஞ்சது."

அவன் தேன் தடவிப் பேசுகிறான் என்று பாண்டிச்செல்வி நினைத்தாள். அவன் சொன்னதில் ஒன்றையும் மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. நாகஜோதி போனில் அழுதாள். சீப்புக்காரச் சந்தில் எல்லா வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பு, காலி செய்ய வேண்டும் என்று. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மாற்று வீடு தருவார்களாம்.

பாண்டிச்செல்வி ஆட்டோ பிடித்துப் போனாள். சந்து முனையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, பச்சைச் சேலை சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கீழே சாக்பீஸில் 'வெள்ளச்சியம்மன் துணை' என்று எழுதியிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

நாகஜோதி கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதில் செவிவழி இருந்தது.

"அழாதக்கா" என்றாள் பாண்டிச்செல்வி. "ஊருணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் சும்மா கட்டிவிட்டது. ஆபீஸ்ல போயி நீயும் நானும் சொன்னா முடிஞ்சுபோச்சு."

நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னடி சொல்ற? நம்ம குளிச்ச ஊருணிய இல்லேங்குற?"

"எங்கக்கா குளிச்சோம்? குழாயடியில குளிச்சோம்."

"குழா அப்புறம் வந்துச்சு. நீ படியில வழுக்கி விழுந்தியே, மறந்துட்டியா? முழங்கையில தழும்பு இருக்குல்ல, அது என்ன?"

பாண்டிச்செல்வி தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தேகம்தான். அடுக்குமாடி வீட்டுக்கு ஆசைப்பட்டு அக்கா நடிக்கிறாளோ என்று அவள் கண்ணையே பார்த்தாள். சைக்கிள் கதையை மூடி மறைக்க இதுதான் சாக்கு என்று பிடித்துக்கொண்டாளோ என்றும் பார்த்தாள். நாகஜோதி நடிக்கவில்லை. அவளுக்கு இந்த வீட்டை விட்டுப் போக உயிர் போகிற மாதிரி இருந்தது. அம்மா செத்த வீடு, பிள்ளைகளைப் பெற்ற வீடு. கதவில் அம்மா பதித்த மஞ்சள் கைத்தடத்தைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"அப்ப ஊருணி இல்லேன்னு சொல்லுக்கா. வீடாவது மிஞ்சும்."

"இருந்ததை இல்லேன்னு எப்படிச் சொல்வேன்? வெள்ளச்சி கண்ணக் குத்திருவா. போற வீடு போகட்டும், பொய் சொல்லி இதுக்குள்ள இருக்க மாட்டேன்."

வெள்ளச்சி பூனைதான் அக்கா என்று பாண்டிச்செல்வி கத்தினாள். பூனைக்கு யாராவது சாமி பெயர் வைப்பார்களா என்று நாகஜோதி காதைப் பொத்திக்கொண்டாள். பாண்டிச்செல்வி வாசலில் வந்து நின்று அழுதாள். தான் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை அக்காவின் கூரையைப் பிடுங்கப் போகிறது என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய அலுவலகத்தின் விசாரணை அதிகாரி அருள்தாஸ் மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"நீங்க சொன்னது பொய்ங்குறீங்க."

"ஆமா சார்."

"எப்பச் சொன்னதும்மா பொய்? அப்பச் சொன்னதா, இப்பச் சொல்றதா?"

பாண்டிச்செல்வி தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்தாள்.

"உங்களைக் குத்தம் சொல்லலை" என்றார் அருள்தாஸ். "அப்பச் சொன்னப்ப உங்களுக்கு அதுல லாபமும் இல்ல நட்டமும் இல்ல. இப்ப உங்கக்கா வீடு போகுது. நான் எதை நம்புறது?"

"பழைய வரைபடத்தப் பாருங்க சார். அதுல ஊருணியே கிடையாது."

"இருக்காதும்மா. காணாமப்போன எந்த ஊருணியும் வரைபடத்துல இருக்காது. காயிதத்துல அழிச்சிட்டுத்தானே மண்ணப் போட்டு மூடுனாங்க. அதுக்காகத்தானே செவிச்சான்றுச் சட்டமே வந்துச்சு. காயிதத்த விட ஊர் ஞாபகம் பெருசுன்னு."

அது அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டம் வேண்டுமென்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. கண்மாயை மூடிக் கட்டடம் கட்டியவர்கள் பத்திரத்தைக் காட்டித் தப்பித்தபோது, சனங்களின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லையா என்று மேடையேறிக் கேட்டவள்.

"தோண்டிப் பாருங்க சார்."

"தோண்டுனா மண்ணுதான் வரும். மூடுன மண்ணுன்னு சொல்வாங்க." அவர் மேசையிலிருந்த ஒலிப்பெட்டியை இயக்கினார். நாகஜோதியின் குரல் வந்தது. படியில் பாசி இருக்கும், தங்கச்சி விழுந்தாள், கையெல்லாம் ரத்தம் என்று விலாவாரியாகச் சொன்னாள். "உங்க கூடப் பிறந்தவங்க. உங்க தழும்பச் சொல்றாங்க. சந்துல ஒருத்தர் விடாம எல்லாரும் இப்படித்தான். ஊர் ஞாபகம் மாறுனா உத்தரவு மாறும். வேற வழி என் கையில இல்லம்மா."

படியிறங்கி வரும்போது அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் பாண்டிச்செல்வியின் காதில் நின்றது. ஊர் ஞாபகம் மாறினால் உத்தரவு மாறும்.

ஊருணி இல்லை என்று இனி யாரையும் நம்பவைக்க முடியாது. இல்லாமல் ஆக்க முடியாத ஊருணியை நகர்த்தலாமே என்று தோன்றியது. சந்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி இருந்தது. அரசாங்கம் எடுத்துப் பூட்டிப் போட்டு வெகுகாலம் ஆயிற்று, உள்ளே கருவேலம் மண்டிக் கிடந்தது. யாராவது குடியிருக்கிறார்களா என்று சுவரேறிப் பார்த்தாள். மறுநாள் வந்து மறுபடியும் பார்த்தாள். ஓணானைத் தவிர ஒரு உயிரும் இல்லை.

அந்த ஞாயிறு கூட்டத்தைச் சந்து வழியாக நடத்திக் கிட்டங்கிச் சுவர் ஓரமாக நிறுத்தினாள். எல்லோர் காதிலும் செவிவழி இருக்கிறதா என்று முதல் தடவையாக ஆசையோடு பார்த்தாள்.

"வெள்ளச்சி ஊருணி சந்துக்குள்ள இருந்ததா நிறையப் பேரு நினைக்கிறாங்க" என்றாள். "இல்ல. சந்து வழியாத்தான் ஊருணிக்குப் போவாங்க, அதுல வந்த குழப்பம். ஊருணி இங்கதான் இருந்துச்சு, இந்தச் சுவருக்கு உள்ள."

கூட்டம் தயங்கியது. ஒருவர், "சந்துக்குள்ளேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றார். சும்மா சொன்னால் ஒட்டாது என்று அவளுக்குப் புரிந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கி முழங்கையைக் காட்டினாள்.

"எனக்குத் தெரியாதா? இங்க படியில வழுக்கி விழுந்தவ நான். இந்தத் தழும்பப் பாருங்க."

தழும்பைப் பார்த்ததும் முகங்கள் மாறின. ஒரு பெண், "ஐயோ, யாரு தூக்குனாங்க உங்கள?" என்று கேட்டாள்.

அதற்குப் பாண்டிச்செல்வி பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. "எங்கக்காதான்" என்றாள். "மேல நின்னு கையப் பிடிச்சா. விடவே இல்ல."

சொன்னபோது நாக்கு கூசியது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தாள். அடுத்த ஞாயிறும் சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு நடை முடிந்தும் தனியாக இன்னொரு கூட்டத்தைச் சேர்த்துச் சொன்னாள். மழை பெய்த ஞாயிறும் குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒன்று கேட்பார்கள். தண்ணீர் எப்படி இருக்கும், படிக்கல் என்ன நிறம், அக்கா அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கறுத்த படி, தொட்டால் வழுவழுவென்றிருக்கும் பாசி, அக்காவின் ஊதாப் பாவாடை. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் செவிவழியிடம் திருப்பிச் சொன்னார்கள். நாக்கு கூசுவது எந்த ஞாயிறோடு நின்றது என்பதை அவள் கவனிக்கவில்லை.

சந்திலும் பேச்சு மாறியது. நாகஜோதியே ஒருநாள், "கிட்டங்கிப் பக்கம்தான்டி. துணி மூட்டையத் தூக்கிட்டு இந்தச் சந்து வழியா நடப்போம்ல" என்றாள். அதே வாரம் மஞ்சள் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் கிட்டங்கி வாசலில் வைத்தார்கள். அருள்தாஸ் புதிதாக வாக்குமூலம் எடுத்தார். சீப்புக்காரச் சந்து நோட்டீஸ் ரத்தானது. நாகஜோதி கதவில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த வாரம் மாவு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

கிட்டங்கியை இடித்துத் தோண்டினார்கள். கருங்கல் படி கட்டினார்கள். இரண்டு மழைக்கு ஊருணி நிரம்பிவிட்டது. உண்மையிலேயே தண்ணீர் நின்றது, தவளை கத்தியது, சுற்றுவட்டாரக் கிணறுகளில் ஊற்று ஏறியது. ஞாயிறு நடைகள் எல்லாம் இப்போது அங்கே வந்து முடிந்தன.

ஒரு நாள் மாலை அக்காவும் தங்கையும் ஊருணிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். நாகஜோதியின் காது வெறுமையாக இருந்தது. செவிவழி மாவுக்குள் விழுந்து கெட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது, வேறு வாங்கத் தோன்றவில்லை என்றாள்.

"அது இல்லாம இருக்கவும் என்னென்னமோ ஞாபகம் வருதுடி" என்றாள். "நம்ம வீட்ல ஒரு வெள்ளப் பூனை இருந்துச்சுல்ல? அம்மா மிஷின் மேலயே படுத்துக்கிடக்கும். ஒரு காது கிழிஞ்சு. அது பேரு என்னடி?"

பாண்டிச்செல்வி தண்ணீரிலிருந்து கண்ணை எடுத்தாள். "பூனையா? நம்ம வீட்லயா?"

"ஆமாடி. உம்மேல உசிரா இருக்குமே."

"நம்ம வீட்ல பூனை எங்கக்கா வளத்தோம்? யார் வீட்டையோ சொல்ற."

நாகஜோதி தங்கை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு தங்கையின் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது ஊருணியில விழுந்ததில்லடி. சைக்கிள். பொரிகடலைக் கடை வாசல். பின்னாடி பிடிச்சிருந்தது நான். கை கடுத்துச்சு, விட்டுட்டேன். நீ அம்மாகிட்டச் சொன்னப்ப இல்லேன்னுட்டேன். இத்தன வருசமா இல்லேன்னுதான் சொல்லிட்டிருந்திருக்கேன். நான்தான்டி விட்டேன்."

பாண்டிச்செல்வி அக்காவின் காதை உற்றுப் பார்த்தாள். எழுந்து அந்தப் பக்கம் வந்து இன்னொரு காதையும் பார்த்தாள். கருவி ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. இந்தக் கம்பெனிக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது செருகியிருப்பார்கள், இல்லாத பூனையையும் இல்லாத சைக்கிளையும் இந்த வெள்ளந்தி மனுஷியின் மண்டைக்குள் ஏற்றியிருப்பார்கள். நாளைக்கே நிகிலைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"போட்டுக் குழப்பிக்காதக்கா" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கால் வழுக்கியது, முழங்கை கல்லில் இடித்தது, தண்ணீர் மூக்குக்குள் ஏறியது. மேலே ஊதாப் பாவாடையோடு நின்ற அக்கா குனிந்து அவள் கையைப் பிடித்தாள். உலகத்தில் யாரையும் நம்பாத பாண்டிச்செல்வி அக்காவை மட்டும் நம்புவதற்குக் காரணமே அதுதான். அன்றைக்கு அக்கா கையை விடவே இல்லை.